‘நல்ல பழம்’ என்பது யாருடைய சொல்?

(நீண்ட பதிவு. வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், கணினியியல் ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்திற்குப் பதிந்திருக்கும் நண்பர்களை முன்னிறுத்தி எழுதியது. மொழியியல் பயில்வோருக்கும் இதில் வேலை இருக்கிறது.)

அறுவடையாகி வந்த பழத்தை வெட்டாமல், குத்தாமல், பிழியாமல் அதன் தரத்தை அறியும் ஆய்வு, ‘சிதைவில்லாச் சோதனை’ என்னும் பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் பெருகிவருகிறது. அதற்கென ஒரு வாய்பாடே உருவாகிவிட்டது. மாம்பழம், கொய்யா, வாழை, தக்காளி என ஏதேனும் ஒரு கனி. ஒரு நிழற்படக் கருவி அல்லது நிறமாலைமானி. சில நூறு மாதிரிகள். ஒரு நரம்பிணைய நிரல். முடிவுரையில் தொண்ணூற்றைந்தைத் தாண்டிய ஏதோ ஒரு விழுக்காட்டுத் துல்லியம். இந்த ஐந்தும் அமைந்துவிட்டால் கட்டுரை அச்சேறுகிறது, பட்டமும் கிடைக்கிறது. குறுக்கே எவரும் கேள்வி கேட்பதில்லை.

நான் பயின்றது மொழியியல். பழ ஆய்வைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்கப்படலாம். என் விடை எளியது. இக்கட்டுரைகளில் எண்கள் நன்றாகவே சரிபார்க்கப்படுகின்றன. சொற்களை எவரும் சரிபார்ப்பதில்லை. ‘பழுத்தது’, ‘பழுக்காதது’, ‘நல்லது’, ‘குறையுடையது’ என்று ஒவ்வொரு மாதிரியின் மீதும் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டு எங்கிருந்து வந்தது? அதை ஒட்டியவர் யார்? எந்த நோக்கத்திற்காக ஒட்டினார்? கருவி பழத்தைக் கற்பதில்லை. பழத்திற்கு நாம் இட்ட பெயரைக் கற்கிறது. அப்பெயர் யாருடைய நலனை எண்ணி இடப்பட்டது என்பதை ஆராயாதவரை, சிதைவில்லாச் சோதனை பழத்தைச் சிதைக்காமல் அதை விளைவித்தவரைச் சிதைக்கும் சோதனையாக முடியும். இப்பதிவின் வாதம் இதுவே.

1. சாக்கா என்னும் சொல்

நான் வசிக்கும் ஏரவாடாவிலிருந்து ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் புனேயின் மொத்தச் சந்தையான குல்டேக்டி. கோடை தொடங்கியதும் கொங்கணக் கடற்கரையிலிருந்து அல்போன்சா மாம்பழம் இங்கே பெட்டி பெட்டியாக வந்திறங்கும். மராட்டியர் அதை ஹாபூஸ் என்பர். ரத்தினகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண மாவட்டங்களின் அல்போன்சாவுக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இந்தப் பழத்திற்கு ஒரு தனி நோய்க்குறை உண்டு. தோல் பொன்னிறம், மணம் நிறைவு, கைக்குப் பதமான மென்மை. எல்லாம் சரியாக இருக்கும். வெட்டினால் கொட்டையை ஒட்டிய சதை மட்டும் வெளிறி, பஞ்சுபோல் தளர்ந்து, காற்றிடைவெளிகளோடு புளிப்பேறிக் கிடக்கும். அப்பகுதியில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் நின்றுவிட்டிருக்கும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. கொங்கண உழவர்கள் இதை ‘சாக்கா’ என்கின்றனர். ஆய்வுரைகளில் இதற்குப் ‘பஞ்சுத் திசு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் வழங்குகிறது. விளைச்சலில் 30 விழுக்காடு வரை இக்குறைக்கு ஆளாகலாம் என்பது அவ்வுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு.

சாக்காவின் ஆய்வு வரலாறு சிதைவில்லாச் சோதனையின் அரசியலை முழுமையாகத் தன்னுள் கொண்டிருக்கிறது. அறிவியல் எழுத்தில் இக்குறையை முதன்முதலில் விவரித்தவர்கள் ஜி. எஸ். சீமாவும் பி. ஜி. தானியும். ஆண்டு 1934. எந்த நூலில் என்பதைக் கவனியுங்கள்: 1932, 1933 ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கு மாம்பழம் ஏற்றுமதி செய்தது குறித்துப் பம்பாய் மாகாண வேளாண் துறை வெளியிட்ட அறிக்கையில். கொங்கணத்தில் பழம் தின்றவர்கள் அதற்கு முன்பு சாக்காவைக் கண்டதில்லையா? கண்டிருந்தனர், பெயரும் வைத்திருந்தனர். ஆனால் கப்பலேறும் பழத்திற்கு இடையூறானபோதுதான் அது அறிவியலின் பொருளாயிற்று. ‘தரம்’ என்னும் சொல் எவருடைய தட்டை நோக்கி வரையறுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த மைல்கல் 1993. பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த தாமஸும் உடன் ஆய்வாளர்களும், ஊடுகதிர்ப் படத்தில் சாக்கா படிந்த பகுதி நல்ல சதையிலிருந்து வேறுபட்டுக் கருமையாகத் தெரிவதைக் காட்டினர். மருத்துவமனையில் எலும்பை நோக்கும் அதே கதிர் பழத்தின் உள்ளத்தையும் நோக்க வல்லது என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. பிறகு 2004இல் பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ரவீந்திராவும் சிவசங்கரும், பழம் மரத்தில் இருக்கும்போதே அதனுள்ளிருக்கும் விதை முளைப்பதற்கான வேலைகளைத் தொடங்கிவிடுவதே சாக்காவின் வேர் என்று எழுதினர். அந்நிறுவனம் பின்னர் அறுவடைக்கு முன் பயன்படுத்தும் தடுப்புக் கலவை ஒன்றையும் உருவாக்கியது. அதற்கு இட்ட பெயர் ‘அர்கா சாக்கா நிவாரக்’. உழவரின் சொல் ஏழு பதிற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு மருந்துக் குப்பியின் மீது ஏறியது. அதுவரை ஆய்வேட்டின் உடலுக்குள் அச்சொல்லுக்குப் பெரும்பாலும் அடைப்புக்குறியே இடமாக இருந்தது.

ஊடுகதிர்ச் சான்று கிடைத்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் குல்டேக்டியில் ஒரு டசன் வாங்கும் குடும்பத்தலைவி தோலைப் பார்க்கிறார், முகர்கிறார், விலை பேசுகிறார். உள்ளே இருப்பது வீட்டில் கத்தி வைத்த பிறகே தெரிகிறது. அறிவு இல்லாத குறையா இது? அந்த அறிவு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை ஆய்வின் பகுதியாக எவரும் கருதவில்லை என்பதே குறை.

2. நிறத்தை நம்பும் கண்

இப்போது கணினியியல் நண்பர்களிடம் வருகிறேன். உங்களுள் மிகப் பலர் எடுத்துக்கொள்வது நிழற்படம். பழத்தின் தோல் நிறத்தைக் கொண்டு ‘பழுத்தது’, ‘பழுக்காதது’ என்று இரண்டு பெட்டிகளில் பிரிக்கும் நிரலை எழுதுகிறீர்கள். தோல் மஞ்சளானால் பழுத்தது என்பதுதான் நிரல் கற்கும் இலக்கணம்.

இதே இலக்கணத்தை உங்களுக்கு முன்பே நன்கு கற்றவர்கள் கார்பைடு வணிகர்கள். கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். அது பழத்தில் எத்திலீனின் வேலையை ஓரளவு செய்யும். முற்றாத காயின் தோலும் மஞ்சளாகிவிடும். சதை மட்டும் புளித்துக் கெட்டியாக நிற்கும். கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் எச்சங்கள் கலந்திருப்பதால் உடல்நலக் கேடும் உண்டு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இதைத் தடைசெய்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த மட்டுமே இசைவு உண்டு. ஆயினும் ஒவ்வொரு கோடையிலும் கோயம்பேட்டிலோ வேறொரு சந்தையிலோ உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ‘கல் வைத்த’ மாம்பழத்தைப் பறிமுதல் செய்யும் செய்தியை நாம் வாசிக்கிறோம்.

கார்பைடு வணிகர் ஏமாற்ற விரும்புவது கண்ணை. நீங்கள் உருவாக்குவதும் கண்ணை மட்டுமே நம்பும் கருவி. கல் வைத்துப் பழுத்த பழம் உங்கள் நிரலின் முன் வந்தால் அது எந்தப் பெட்டிக்குப் போகும்? ‘பழுத்தது’ என்ற பெட்டிக்கு, மிகுந்த உறுதியுடன். மறுபுறம், பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும் லங்ரா மாம்பழம் வந்தால்? அது ‘பழுக்காதது’. நேர்மையான பழத்தைத் தள்ளிவிட்டு ஏமாற்றிய பழத்தைத் தேர்வுசெய்யும் கருவிக்குத் துல்லியம் எத்தனை விழுக்காடாய் இருந்தால் என்ன?

தமிழ் இங்கே ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. ‘பச்சை’ என்பது நமக்கு நிறப்பெயர். அதே வேளையில் நிலைப்பெயரும் ஆகும். பச்சைப் பால், பச்சை மண், பச்சைப் பிள்ளை, பச்சைப் புண் என்கிறோம். இவற்றுள் எதுவும் பச்சை நிறம் அன்று. காய்ச்சாத, சுடாத, வளராத, ஆறாத என்னும் நிலைகளையே அச்சொல் குறிக்கிறது. நிறத்திற்கும் நிலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டும் இரண்டையும் குழப்பாமல் பேசுவது தமிழ்க் குழந்தைக்குக் கைவந்த கலை. பல லட்சம் அளவைகளைச் சுமக்கும் நரம்பிணையம் அதில் தடுமாறுகிறது. காரணம், அதற்கு ஒரே ஒரு சான்றைத்தான் நாம் காட்டினோம்.

3. சிதைவில்லாச் சோதனையின் அடியில் சிதைந்த பழங்கள்

வேளாண் பொறியியல் நண்பர்கள் இவ்வளவில் சிரித்திருக்கக் கூடும்: ‘நாங்கள் நிறத்தை நம்புவதில்லை, இயற்பியலை நம்புகிறோம்’. உண்மை. அவர்களுடைய மரபு நீண்டது. 1925இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மேக்னஸும் டெய்லரும் பழத்தில் உலோகத் தண்டை அழுத்தி, சதை எதிர்க்கும் விசையை அளக்கும் கருவியை வெளியிட்டனர். பழத்தின் ‘உறுதி’ என்று இன்றும் நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் குத்தலின் அளவையே. பிறகு குத்தாமல் தட்டிக் கேட்கும் முறை வந்தது: பழத்தை மெல்லத் தட்டினால் எழும் அதிர்வெண்ணை வர்க்கப்படுத்தி, நிறையின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்கினால் விறைப்பின் அளவு கிடைக்கும் என்று 1972இல் குக் வகுத்தார். பின்பு அண்மை அகச்சிவப்பு ஒளி. அது தோலைக் கடந்து சென்று சதையில் சிதறித் திரும்பும்போது, சர்க்கரைக்கும் நீருக்கும் ஏற்ப மாறிவருகிறது.

இவை அனைத்தும் உயர்ந்த ஆய்வுகள். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரையறை மறைந்து நிற்கிறது. குக்கின் வாய்பாடு மீள்தன்மை உடைய கோளத்திற்கு உரியது, ஆப்பிளுக்குப் பொருந்தும். நடுவே தட்டையான பெருங்கொட்டையைச் சுமந்து, ஒருபுறம் வளைந்து கிடக்கும் மாம்பழம் எந்தக் கோளம்? அண்மை அகச்சிவப்பு ஒளி பழத்தின் மேற்பகுதிச் சதையைத்தான் நன்கு அறியும். சாக்கா தோன்றுவதோ கொட்டையின் அருகில். ஆகவே எந்தக் கருவி எந்தச் சொல்லுக்கு விடை சொல்ல வல்லது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இனிப்பைச் சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு ‘தரம்’ என்று தலைப்பிடுவது, பகுதியைக் காட்டி முழுமைக்கு விலை கேட்பதாகும்.

இன்னொன்று. வெட்டாமல் அறியும் ஒவ்வொரு கருவியும் வெட்டிய பழங்களிடமிருந்தே பாடம் கற்கிறது. ஆஸ்திரேலியாவின் மத்திய குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் வால்ஷ் குழுவினர் மாம்பழத்தின் உலர்பொருள் அளவை அகச்சிவப்பு ஒளியால் கணிக்கும் ஆய்வை 2020இல் வெளியிட்டுத் தரவையும் பொதுவில் வைத்தனர். 4 பருவங்கள், 4,675 பழங்கள், 11,691 நிறமாலைகள். அந்தப் பழங்களின் சதையை வெட்டியெடுத்து, உலர்த்தி, எடை பார்த்துத்தான் ‘உண்மை மதிப்பு’ பெறப்பட்டது. முதல் மூன்று பருவங்களைக் கற்பித்து, நான்காம் பருவத்தின் பழங்களைக் கொண்டு மாதிரியைச் சோதித்தனர். ஏன் இவ்வளவு பாடு? ஒரு பருவத்தில் கற்ற மாதிரி மறு பருவத்தில் தடுமாறும் என்பதை அத்துறை நெடுநாளாக அறிந்திருந்தது. மழை வேறு, வெயில் வேறு, தோட்டம் வேறு என்றால் ஒளி சொல்லும் செய்தியும் வேறாகும்.

இதை நம் ஊர் ஆய்வேடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே வாரத்தில் வாங்கிய முந்நூறு பழங்கள். அவற்றையே கலைத்துப் போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரிக்கிறார்கள். எண்பதில் கற்பித்து இருபதில் சோதிக்கிறார்கள். ஒரே தோட்டத்து உடன்பிறப்புகளுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடையாளம் காணச் சொல்வதற்கு ஒப்பானது இது. அங்கே கிடைக்கும் 98 அடுத்த ஆண்டு மே மாதம் வரை உயிரோடிருக்குமா என்று வாய்மொழித் தேர்வில் நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

4. வாய் அறிந்த சொற்கள்

பழத்தின் ‘இழைநயம்’ அல்லது ‘பதம்’ பற்றிய அறிவியலே சொற்களிலிருந்துதான் பிறந்தது என்பதைப் பொறியாளர்கள் மறந்துவிட்டனர். அமெரிக்காவில் அலீனா செஸ்னியாக் 1963இல் உணவின் பதத்தை வகைப்படுத்தியபோது, மனித வாய் உணரும் பண்புகளுக்குப் பெயரிட்டு, அப்பெயர்களுக்கு ஏற்பக் கருவியின் அளவுகளைப் பொருத்தினார். சொல் முன்னே, கருவி பின்னே. அதே ஆண்டு அவரும் கிளெய்னும் நடத்திய சொற்சோதனையில் அமெரிக்கர்கள் பதத்தைக் குறிக்க 78 சொற்களைத் தந்தனர். 1970இல் ஜப்பானில் யோஷிகாவா குழுவினர் நடத்திய ஒத்த ஆய்வில் 406 சொற்கள் கிடைத்தன. 78க்கும் 406க்கும் இடைப்பட்ட வேறுபாட்டைப் பற்களின் வேறுபாடாக எவரும் சொல்லமாட்டார்; அது மொழியும் உணவும் சேர்ந்து பயிற்றுவித்த கவனத்தின் வேறுபாடு.

தமிழில் ஒரு மாங்காயின் வாழ்வைச் சொல்லிப் பாருங்கள். பிஞ்சு, காய், முற்றிய காய், செங்காய், பழம், அளிந்த பழம். முற்றுதல் வேறு, பழுத்தல் வேறு, கனிதல் வேறு. மரத்தில் முற்றாமல் பறித்தால் பிறகு என்ன செய்தாலும் சுவை வாராது என்ற உடலியங்கியல் உண்மையை ‘முற்றுதல்’ என்னும் ஒரு வினைச்சொல் தாங்கி நிற்கிறது. வெயிலின் கொடுமையால் காலம் வருமுன் சுருங்கி நிறம் மாறியதற்கு ‘வெம்பல்’ என்று பெயர். அது தோற்றத்தில் பழம், உண்மையில் பழமன்று. அடிபட்டுக் கறுத்தது ‘கன்றியது’. இவை பாட்டிமார் கதைச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி வகுப்பு, ஒரு தனிக் காரணம், ஒரு தனி விலை. இவ்வளவையும் ‘பழுத்தது’, ‘பழுக்காதது’ என்று இரண்டாக நசுக்கி நிரலுக்கு ஊட்டுகிறோம். வெம்பல் எந்தப் பெட்டி? முற்றிய காய் எந்தப் பெட்டி? பெட்டிகளை வகுத்தவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ஏனெனில் அவருடைய ஆய்வு வேற்று மொழியில் சிந்திக்கப்பட்டு, வேற்று நாட்டுத் தரவுத்தொகுப்பின் தலைப்புகளைக் கடன்வாங்கியது.

ஏரவாடாவில் இருக்கும் டெக்கான் கல்லூரியில் வரலாற்று நோக்கிலான வடமொழி அகராதித் திட்டம் 1948இல் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல். அச்சொல் எந்த நூலில் எந்த இடத்தில் எந்தப் பொருளில் வந்தது என்பதற்குச் சான்று. முதல் தொகுதி வெளிவந்தது 1976இல். அவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆனால் பெயர்ச்சீட்டு என்றால் அதற்குச் சான்று வேண்டும் என்ற அறம் அந்த அறைகளில் இருக்கிறது. நிரல் எழுதும் ஆய்வகங்களில் இல்லை. ஆயிரம் பழங்களுக்குப் பெயரிட்டவர் இரண்டு இளநிலை மாணவர்கள் என்பதும், அவர்களுக்குள் எத்தனை பழங்களில் கருத்து மாறுபட்டது என்பதும் கட்டுரையில் எங்கே இருக்கிறது? மொழியியலில் இருவர் ஒரே தரவுக்கு வகைக்குறி இட்டால் அவர்களது உடன்பாட்டை அளந்து வெளியிடாமல் கட்டுரை நகராது. பழத்திற்கு அந்த மதிப்பும் இல்லையா?

5. தட்டிப் பார்த்த காது

இவ்விடத்தில் எனக்கு ஆதரவாக வரக்கூடிய ஒரு கூட்டத்தையும் மறுத்துவிடுகிறேன். ‘நம் முன்னோர் தர்ப்பூசணியைத் தட்டியே சொன்னார்கள், பலாவின் முள்ளைத் தடவியே சொன்னார்கள், கருவி எதற்கு’ என்று மார்தட்டுவோர் உண்டு. தட்டிக் கேட்பது நல்ல அறிவு; குக்கின் வாய்பாடு அதன் கணித வடிவம் என்றுகூடச் சொல்லலாம். நீரில் போட்டால் முற்றிய மாங்காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும் என்பதும் பயனுள்ள கைமுறையே. ஆனால் சாக்காவைத் தட்டிக் கண்டுபிடித்த காது எங்கும் இல்லை. வெளியே தெரியாதது என்பதே அதன் இலக்கணம். அதற்குப் பெயரிட்டதில் உழவர் முந்தியிருந்தார். உள்ளே பார்ப்பதற்கு ஊடுகதிர் தேவைப்பட்டது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நடக்காது. மரபைப் போற்றுவதாகச் சொல்லிக் கருவியை மறுப்போர், வீட்டில் கத்தி வைத்து ஏமாறும் நுகர்வோரை ஏமாற்றத்திலேயே விட்டுவைக்கின்றனர்.

ஆகவே ‘கருவி வேண்டாம்’ என்பது என் நிலைப்பாடு அன்று. கருவி வந்தே தீரும். வரும்போது இழப்பு யார் தலையில் இறங்கும் என்பதே என் கேள்வி.

6. இழப்பின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவி சாக்கா உள்ள பழங்களில் நூற்றுக்குத் தொண்ணூறைச் சரியாகப் பிடிக்கிறது. நல்ல பழங்களில் நூற்றுக்குத் தொண்ணூறைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல கருவி. ஒரு நல்ல தோட்டத்திலிருந்து 1,000 பழங்கள் வருகின்றன. அவற்றுள் 50இல் மட்டும் சாக்கா. கருவி அந்த 50இல் 45ஐப் பிடிக்கும். மீதமுள்ள 950 நல்ல பழங்களில் 95ஐயும் ‘குறையுடையது’ என்று தள்ளும். தள்ளப்பட்டவை மொத்தம் 140. அவற்றுள் 95, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், பழுதற்ற பழங்கள். தோட்டம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, தள்ளப்படும் குவியலில் நல்ல பழத்தின் பங்கு அவ்வளவு கூடும். நிரலில் பிழை ஏதும் இல்லாமலே இது நிகழும். குறை அரிதாக இருக்கும் இடத்தில் எந்தச் சோதனைக்கும் நேர்வது இது. மருத்துவப் புள்ளியியல் பயின்றவர்கள் முதலாண்டிலேயே கற்பது.

இப்போது கேளுங்கள்: அந்த 95 பழங்களின் விலையை யார் இழந்தார்? கருவி மொத்த வணிகரின் கூடத்தில் நின்றால், இழந்தவர் உழவர். கருவி இல்லாத இன்றைய நிலையில் சாக்காவின் இழப்பைப் பெரும்பாலும் நுகர்வோர் சுமக்கிறார். அது பலர் வீடுகளில் சிறிது சிறிதாகப் பரவுகிறது. கருவி வந்த பிறகு அது திரண்டு ஒரே தோட்டத்தின் கணக்கில் ஏறும். இடையில் நிற்பவருக்கு எப்போதும் இழப்பில்லை. பிழை விழுக்காட்டை இரண்டு தசமப் புள்ளிகளுக்குத் துல்லியமாகத் தரும் நம் கட்டுரைகள், அப்பிழை எவர் பணப்பையிலிருந்து வெளியேறுகிறது என்பதற்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை.

‘சிதைவில்லா’ என்னும் அடைமொழியில் ஒளிந்திருக்கும் வேறொரு சிக்கலும் உண்டு. வெட்டிச் சோதித்தால் வெட்டிய பழம் சான்றாக மேசைமீது கிடக்கும். உழவரும் பார்க்கலாம், வணிகரும் பார்க்கலாம், வழக்காடலாம். வெட்டாமல் சோதித்தால் மிஞ்சுவது திரையில் ஓர் எண் மட்டும். அந்த எண்ணை எதிர்த்து உழவர் எதைக் காட்டுவார்? கிராமத்துப் பால் சங்கத்தில் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் அளந்து விலை போடுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். எண் குறைந்த நாளில் வீட்டில் எழும் முதல் கேள்வி மாட்டைப் பற்றியது அன்று, கருவியைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு மறுசோதனை என்ற வழி இருக்கும்வரைதான் எண்ணுக்கு மதிப்பு. பழத்திற்கான கருவிகளை வடிவமைக்கும் நாம் அந்த வழியைத் தொடக்கத்திலேயே அமைக்காவிட்டால், பின்னர் எவரும் அமைக்கப்போவதில்லை.

ஏற்றுமதிப் பழத்திற்கு இந்த நாடு எவ்வளவு விரைவாக அசையும் என்பதையும் நாம் அறிவோம். 2007இல் லாசல்காவ் கதிர்வீச்சு நிலையத்தில் பழஈ அச்சம் நீக்கிய பிறகு அமெரிக்கச் சந்தை மீண்டும் திறந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடைசெய்தபோது, ஆய்வு முறைகள் சீரமைக்கப்பட்டு 2015 தொடக்கத்தில் தடை விலகியது. எல்லை கடக்கும் பழத்திற்கு ஒன்பது மாதங்களில் வழி கிடைக்கிறது. சாக்கா 1934இலிருந்து காத்திருக்கிறது.

7. கோருவது என்ன

ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்களும், அவற்றை எழுதும் நாமும் சிலவற்றை ஏற்றுக்கொள்ளலாம். இவற்றுள் எதற்கும் புதிய நிதி வேண்டியதில்லை.

முதலாவது, ‘தரம்’ என்று தலைப்பிடாதீர்கள். உங்கள் கருவி அளப்பது உலர்பொருளா, விறைப்பா, தோல்நிறமா, உட்குறையா என்பதைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெயர்ச்சீட்டுகள் எவ்வாறு இடப்பட்டன, எத்தனை பேர் இட்டனர், அவர்களது உடன்பாடு எவ்வளவு என்பதை எழுதுங்கள். அப்பயிரை விளைவிப்போரும் விற்போரும் வழங்கும் சொற்களைத் திரட்டி, உங்கள் வகுப்புகளோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை தாருங்கள். இந்த வேலைக்கு மொழியியல் துறையிலிருந்து ஒருவரை உடனாய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் வேலை வேண்டும்.

மூன்றாவது, கற்ற தோட்டத்திலும் கற்ற பருவத்திலும் சோதித்த துல்லியத்தை முடிவுரையில் எழுதாதீர்கள். வேறொரு தோட்டம், வேறொரு பருவம். மூன்றாண்டு ஆய்வுக்காலத்தில் மூன்று மாம்பழப் பருவங்கள் வருகின்றன. நேரமில்லை என்பது சாக்கு.

நான்காவது, மொத்தத் துல்லியத்தோடு நிற்காமல், நல்லதைத் தள்ளும் பிழையையும் கெட்டதை விடும் பிழையையும் தனித்தனியே தந்து, குறையின் விகிதம் 5, 15, 30 விழுக்காடாக இருந்தால் தள்ளப்படும் குவியல் எப்படி மாறும் என்று காட்டுங்கள். ஒவ்வொரு பிழையையும் யார் சுமப்பார் என்றும் எழுதுங்கள்.

ஐந்தாவது, கருவி களத்திற்குச் செல்லுமானால், தள்ளப்பட்ட பழங்களில் ஒரு பங்கை விளைவித்தவர் முன்னிலையில் வெட்டிக் காட்டும் நடைமுறையையும் வடிவமைப்பின் பகுதியாக்குங்கள். சிதைவில்லாச் சோதனையின் நம்பகத்தன்மைக்குச் சில பழங்கள் சிதைந்தே ஆக வேண்டும்.

வரும் பருவத்திற்குள் எங்கேனும் ஒரு வாய்மொழித் தேர்வில் எவரேனும் ஒருவர் எழுந்து, ‘உங்கள் தரவில் நல்ல பழம் என்று சொன்னவர் யார்?’ என்று கேட்டால் போதும். விடை சொல்ல முடியாத ஆய்வாளர் அடுத்த ஆண்டு விடையோடு வருவார்.

மறுப்புகளை வரவேற்கிறேன், குறிப்பாகக் கருவியோடு நாள்தோறும் பழகும் நண்பர்களிடமிருந்து. உங்கள் ஆய்வேட்டில் மேற்சொன்ன ஐந்தில் எவையேனும் இடம்பெற்றிருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், பிறருக்கு முன்மாதிரியாகும். உங்கள் ஊரில் மாம்பழத்தின் உட்குறைகளுக்கு வழங்கும் சொற்களையும், ஊர்ப்பெயர், யாரிடம் கேட்டீர்கள் என்னும் குறிப்புகளோடு, எழுதுங்கள். சான்றோடு வரும் சொற்களைத் திரட்டி வெளியிடுவது என் பொறுப்பு.